காலி எடை

வெர்னாவை எடையில் ஏமாற்றிவிட்டுப் போனவன் கிடையாது. சாகினா நகரத்துக்கு மேற்கே இருந்த சர்க்கரை ஆலையின் எடைமேடையில் பாதி ஆயுசைக் கழித்தவள் அவள். சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் கிழங்கை ஏற்றி வருகிற விவசாயி என்னென்ன செய்வான் என்று அவளுக்கு அத்துப்படி. கிழங்குக்கு அடியில் கல்லைப் போட்டு வருவான். சேற்றோடு அள்ளி வருவான். லாரி மேடை ஏறும் நேரம் பார்த்து மச்சான் ஒருத்தனைப் பின்பக்கம் தொற்றிக்கொள்ளச் சொல்லுவான். வெர்னா சாளரத்தைத் தள்ளி எட்டிப் பார்ப்பாள்.

"உன் மச்சானையும் சேத்து அரைச்சாச் சர்க்கரை வராதுய்யா. இறங்கச் சொல்லு."

மச்சான் குதித்து இறங்குவான்.

ஆலையில் ஒரு லாரியை இரண்டு தரம் எடை போடுவார்கள். சரக்கோடு வரும்போது ஒரு தரம். கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது ஒரு தரம். முன்னதில் பின்னதைக் கழித்தால் கிழங்கு. சரக்கோடு வந்த எடையை மட்டும் பார்த்துக் காசு கொடுக்கிற முட்டாள் முதலாளி எந்த ஊரிலும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலை புது மேடை போட்டபோது பழைய மேடையைக் கார்ப் பந்தயத் தடத்துக்காரர்கள் வாங்கினார்கள். அதே வருஷம் வெர்னாவையும் ஆலை வீட்டுக்கு அனுப்பியது. மேடையோடு அவளையும் சேர்த்து விலை பேசிவிட்டார்கள் என்று ஊரில் கேலி. ஞாயிற்றுக்கிழமை தோறும் மேடைக்குப் பக்கத்துத் தகரக் கூண்டில் காப்பிக் குடுவையோடு உட்கார்ந்துவிடுவாள்.

தடம் என்றால் வளைவு நெளிவு எதுவும் இல்லை. நேர் கோடு, கால் மைல். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, விளக்கு பச்சையானதும் பாயும். பன்னிரண்டு விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். கடைசிக் கோட்டில் பத்தில் ஒரு பங்கு விநாடி என்பது ஒரு முழுக் கார் நீளம். அந்த ஒரு கார் நீளத்துக்காகத்தான் வாரம் முழுக்க ஆண்கள் கொட்டகையில் கிரீஸில் புரண்டார்கள்.

விதி எளிது. பழைய கார்களின் பிரிவில் ஒரு குதிரைத்திறனுக்குப் பத்து ராத்தல் எடை. வெர்னாவின் தம்பி ஆர்லிஸ் ஓட்டிய பழைய நோவா காருக்கு முந்நூற்றைம்பது குதிரை என்று பதிவு. ஆகவே ஓட்டுகிறவனையும் சேர்த்து அது மூவாயிரத்து ஐந்நூறு ராத்தலுக்குக் குறையக் கூடாது. குதிரையைக் கூட்டுவது பெரும்பாடு. எடையைக் குறைப்பது சுலபம். ஏமாற்ற நினைக்கிறவன் கதவின் உள்தகட்டைப் பிய்ப்பான், கண்ணாடியைக் கழற்றி பிளாஸ்டிக் போடுவான், தொட்டியில் ஒரு குவளை பெட்ரோலோடு வருவான். அதனால்தான் ஓடி முடித்த கார், ஓட்டியவன் இறங்காமல், நேரே வெர்னாவின் மேடைக்கு வர வேண்டும். குறைந்தால் அந்த ஓட்டம் செல்லாது.

பாரம் போதாத காருக்கு ஈயம் வைத்துக்கொள்ளலாம். நூறு ராத்தல் வரைக்கும். அதற்கு மேல் கூடாது. ஏனென்றால் இந்தக் கார்களுக்கு முன்னால் இரும்பு மலை மாதிரி எஞ்சின், பின்னால் வெறும் டப்பா. கிளப்பும்போது பின்சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கும், வலப்பக்கத்துச் சக்கரம் இன்னும் மோசம். அந்த மூலையில் பாரத்தை ஏற்றினால் ரப்பர் தரையைக் கடிக்கும். மொத்த எடை மாறாது. எஞ்சின் மாறாது. கார் மட்டும் முந்தும்.

ஆர்லிஸ் இரும்பு வார்ப்பாலையில் மணல் அச்சுப் பிரிவில் இருந்தவன். இருநூற்றுப் பதினைந்து ராத்தல் ஆள். அப்பன் கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத்தில் இருமிச் செத்தவன். மகன் வடக்கே வந்து மணல் தூசியைத் தின்றான். சங்கக் கமிட்டியில் இருந்தபோது தூசி உறிஞ்சும் விசிறி கேட்டு மூன்று வருஷம் சண்டை போட்டான். விசிறி வந்தது. அடுத்த இலையுதிர் காலத்தில் ஆலையை மூடினார்கள். விசிறியைக் கழற்றி விற்றார்கள். வேலை போனது, கொஞ்ச நாளில் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் செல்லாமல் போனது. அதற்கு மேலே ஒரு கதையையும் கட்டிவிட்டார்கள். தொழிலாளி ஏமாற்றினான், தூங்கினான், அதனால் ஆலை நொடித்தது என்று. ஆர்லிஸ் மற்ற எதையும் பொறுத்துப்போவான். ஏமாற்றுக்காரன் என்ற அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் கை நீளும். மதுக்கடையில் ஒருத்தனுக்குப் பல் போனது அந்த வார்த்தையால்தான். அவனிடம் மிச்சம் இருந்தது அந்த நல்ல பெயரும் நோவாவும்தான்.

அந்தக் கோடையில் நோவா வேகமாக ஓடத் தொடங்கியது. முதலில் அரைக் கார் நீளம். பிறகு ஒரு கார் நீளம். வாரா வாரம் மேடை ஏறும். வெர்னா கூண்டுக்குள்ளிருக்கும் எடை அளவுகோலைத் தள்ளுவாள். மூவாயிரத்து ஐந்நூறு. சில சமயம் ஒன்றிரண்டு கூட.

"சரி, போ" என்பாள்.

ஆர்லிஸ் தாடி வளர்த்திருந்தான். தீப்பிடிக்காத தடித்த மேல்சட்டையைக் கழற்றுவதே இல்லை. ஒரு தரம் சாளரம் வழியாக அவள் கேட்டாள்.

"என்னடா கன்னம் ஒட்டிப் போச்சு?"

"பீரை விட்டுட்டேன் அக்கா. வயிறு போயிருச்சு."

"நல்லது. தாடியையும் விட்டுடு. ஆடு மாதிரி இருக்கே."

அந்த வருஷம் ஊரில் எல்லோரும் கொஞ்சம் வற்றித்தான் போயிருந்தார்கள். அவன் மனைவி ஜோயெட்டா முதியோர் இல்லத்தில் இரட்டை முறை வேலை பார்த்தாள். அவள் வரும்போது இவன் கொட்டகையில் இருப்பான். இவன் வரும்போது அவள் தூங்குவாள்.

லைல் ப்ரூயிட் என்பவன்தான் பேச்சை ஆரம்பித்தான். நீல மஸ்டாங் ஓட்டுகிறவன், ஆர்லிஸோடு ஒரே பிரிவு. தொடர்ந்து தோற்றதில் முகம் கடுகடுத்துக்கிடந்தது. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, காலைச் சுற்று முடிந்ததும் கூண்டுக்கு வந்தான். பின்னால் பந்தயப் பரிசோதகரும் நாலைந்து பேரும்.

"அக்கா, உன் தம்பி குதிரையை எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கான்."

"என் மேடையில மூவாயிரத்து ஐநூறு காட்டுச்சு. லேசா இல்லை."

"அதைத்தானே நானும் சொல்றேன்! எடை குறையல, வேகம் கூடுது. அப்ப எங்கேருந்து வருது? எஞ்சின்லேருந்துதானே? எடையும் அதே, குதிரையும் அதேன்னா கார் எப்பிடி முந்தும்? ஜெபம் பண்ணியா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பாரத்தை இடம் மாற்றினாலும் கார் முந்தும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் காரில் இடம் மாற்ற என்ன பாரம் இருக்கிறது? நூறு ராத்தல் ஈயத்தை அவன் என்றைக்கோ பின்னால் வைத்துவிட்டான். மிச்சம் இருப்பது அவன் உடம்புதான். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வெர்னாவே நம்பிவிட்டாள். தம்பி ஏதோ திருட்டுத்தனம் செய்கிறான் என்று. நம்பியதும் கோபம் வந்தது.

"பிரிச்சுப் பாருங்க" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "என் தம்பிங்கிறதுக்காக விட வேணாம்."

ஆர்லிஸ் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"நீயா சொல்றே அக்கா?"

"நான் சொல்லலைன்னா நாளைக்கு என் மேடையைச் சொல்லுவாங்க."

"சரி. பிரிக்கிறேன். எஞ்சின்ல ஒரு திருகு தப்பா இருந்தாலும் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

கார்க்காரன்தான் தன் கையால் பிரிக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது, பரிசோதகர் அளவெடுக்கும் வரை. தார்த்தரையில் வெயில் கொதித்தது. சுற்றி நின்றவர்கள் பொரித்த இறைச்சித் துண்டு வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தார்கள். ஆர்லிஸ் தண்ணீரை வாளியில் வடித்தான். குழாய்களைக் கழற்றினான். ஒவ்வொரு திருகுக்கும் நின்று மூச்சு வாங்கினான். மேல்சட்டையை மட்டும் கழற்றவில்லை.

எஞ்சினின் தலை என்பது வார்ப்பிரும்பு. நல்ல கனம். சிகரெட் வாயில் இருக்க, ரொட்டித் தட்டை எடுப்பது மாதிரி அதைத் தூக்கி வைக்கிறவன் ஆர்லிஸ். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இப்போது குனிந்தான். பிடித்தான். ஓர் அங்குலம் எழும்பியது, திரும்ப உட்கார்ந்தது. மறுபடி பிடித்தான். அதேதான்.

"நடிக்கிறான்யா" என்றான் ப்ரூயிட். "நேரம் கடத்துறான். கோழி முட்டையை அடைகாக்குற மாதிரி உக்காந்திருக்கான் பாரு."

மூன்றாம் தரம் தூக்கும்போது மேல்சட்டையின் கை முழங்கை வரைக்கும் சரிந்தது. வெர்னா கூண்டு வாசலில் நின்றிருந்தாள். தம்பியின் மணிக்கட்டைப் பார்த்தாள். எலும்பு துருத்தி, தோல் தொங்கி, வேறு யாருடைய கையையோ தைத்து ஒட்டிய மாதிரி.

விதியாவது ஒன்றாவது. போய் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேருமாகத் தூக்கிக் கீழே வைத்தார்கள். அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பரிசோதகர் அளந்தார். எல்லாம் பதிவில் உள்ளபடியே. எஞ்சினில் ஒரு குதிரைகூடத் திருட்டுக் குதிரை இல்லை.

"அப்ப எங்கேருந்துதான் வருது?" என்றான் ப்ரூயிட். அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை.

வெர்னாவுக்கு அப்போதுதான் தலையில் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை ஞாயிறும் ஆளோடு சேர்ந்த நிறை எடையை மட்டும் பார்த்திருக்கிறாள். காலி எடை பார்க்கவே இல்லை. பீட்ரூட்டுக்குக் கொடுத்த மரியாதையைத் தம்பிக்குக் கொடுக்கவில்லை.

"கழட்டுனதெல்லாம் தூக்கி உள்ள போடுங்க" என்றாள். "அந்தத் தண்ணி வாளியையும். இரும்பு எங்க இருந்தாலும் இரும்புதான். மேடைக்குத் தள்ளிட்டு வாங்க. ஆர்லிஸ், நீ ஏறாதே."

தள்ளிக்கொண்டு வந்தார்கள். "இப்பத் தள்ளிப் போய் நில்லுங்க. ஆள் பாரம் மேடையில விழுது" என்று விரட்டினாள். பொய். யாரும் அளவுகோலைப் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மூவாயிரத்து முந்நூற்று அறுபது.

கோல் சிக்கிக்கொண்டது என்று நினைத்துத் தட்டினாள். அசையவில்லை. காலையில் தம்பியோடு சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறு. கழித்தால் நூற்று நாற்பது. கல்யாணக் கோட்டு தைக்கும்போதே இருநூற்றுப் பதினைந்து இருந்தவன். சாளரத்துக்கு வெளியே அவன் நின்றுகொண்டிருந்தான், அவள் கழிப்பதைப் பார்த்தபடி.

"உள்ள வா" என்றாள்.

வந்து கதவைச் சாத்தினான்.

"எப்பலேருந்துடா?"

"பனி உருகுனதுலேருந்து."

"டாக்டர்?"

"எந்த அட்டையை நீட்டச் சொல்றே? பந்தய அட்டையையா?" சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்தது. கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். அவள் பார்த்துவிட்டாள். "அப்பாவுக்கு வந்ததுதான். எனக்குத் தெரியாதா?"

"ஜோவுக்கு?"

"தெரியாது. தெரிஞ்சா வீட்டை வித்துருவா. வித்து, நானும் போயி, அவ தெருவுல நிக்கணும். வேணாம்."

"உன் உடம்புல குறைஞ்சதுக்கெல்லாம் ஈயம் எதுக்குடா வெச்சே?"

"லேசா இருந்தா நீ கேப்பியே."

வெர்னா அளவுகோலைப் பூஜ்யத்துக்குத் தள்ளிவிட்டாள்.

"எடை சரியா இருக்கணும்னுதான் வெச்சேன். வேற எங்க வெக்கிறது, மடியிலயா? டிக்கியில வலப்பக்கம் திருகு போட எடம் இருந்துச்சு, அங்கயே வெச்சேன். பாத்தா காரு பிடிச்சுக்கிட்டுப் பாயுது. நல்லா ஓடுச்சு அக்கா. என்னைவிட ஈயம் நல்லா ஓட்டுது."

வெளியே டிக்கியைத் திறக்கிற சத்தம் கேட்டது. ப்ரூயிட்டுக்குப் பொறுக்கவில்லை. வலப்பக்க மூலையில் ஈயம் வட்ட வட்டமாக அடுக்கியிருந்தது. பழைய சக்கரங்களைச் சமன்செய்ய மாட்டும் ஈயத் துண்டுகளைப் பொறுக்கி உருக்கி, அம்மாவின் சோளரொட்டிச் சட்டியில் வார்த்திருந்தான் ஆர்லிஸ். ரொட்டி மாதிரியே ஓரம் சரிந்திருந்தது.

"ஈயம்!" ப்ரூயிட் கத்தினான். "நூறா இது? இருநூறுக்குக் கிட்ட வரும்! அடப்பாவி! இதைத்தான் மறைச்சு வெச்சிருந்தான்!"

ஆட்கள் கூடிவிட்டார்கள். பரிசோதகர் மேடையருகே வந்தார்.

"என்ன வெர்னா? அளவுக்கு மேலதானே?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம். மேலே இருப்பது எழுபத்தைந்து ராத்தல். அது ஈயம் இல்லை, என் தம்பி என்று சொல்லிவிடலாம். அவன் பெயர் துடைத்தாற்போல் ஆகிவிடும். எல்லோரும் தொப்பியைக் கழற்றுவார்கள். சாயங்காலத்துக்குள் ஜோயெட்டாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"அக்கா, வேணாம்" என்றான் ஆர்லிஸ் மெதுவாக. பிறகு கூண்டை விட்டு இறங்கிப்போய் எல்லோருக்கும் முன்னால் நின்றான். "அளவுக்கு மேலதான். போட்டுக்கங்க."

"எதுக்குய்யா வெச்சே?" என்றார் பரிசோதகர்.

"ஜெயிக்கத்தான். வேற எதுக்கு?"

ப்ரூயிட் தரையில் துப்பினான்.

"ஆலையில ஏமாத்துன கைதானே. ஏமாத்துக்காரப் பய."

எல்லோரும் ஆர்லிஸின் கையைப் பார்த்தார்கள். அது நீளவில்லை. பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

எடையைப் பற்றிய எந்த முடிவானாலும் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டியவள் வெர்னா. சொன்னாள். "நோவா, ஆர்லிஸ் ஸ்காக்ஸ். அளவுக்கு மீறிய பாரம். தகுதி நீக்கம்." தன் குரல் தடம் முழுக்கப் போய்ச் சோளக்கொல்லையில் மோதித் திரும்பி வந்ததை அவளே கேட்டாள். அந்தப் பருவம் முழுக்க அவனுக்குத் தடை.

மறுநாளே ஜோயெட்டா வெர்னா வீட்டு வாசலில் நின்றாள். வேலைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு.

"நீங்கதான் அறிவிச்சீங்களாமே அண்ணி. உங்க வாயாலயே."

"ஆமா."

"நெசமாவே ஏமாத்துனாரா? கேட்டா ஆமான்னு மட்டும் சொல்றாரு. கழிப்பறை கழுவிட்டு வர்றேன் அண்ணி, அங்க ஒரு கெழவன் கேக்குறான், உன் புருஷன்தானே அந்த ஈயக்காரன்னு. இத்தனை வருஷம் அவரு பேரைச் சொல்லித்தான் நான் தலை நிமிந்து நடந்தேன். வேற ஏதாவது இருக்கா? இருந்தாச் சொல்லுங்க."

வெர்னா கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல."

ஜோயெட்டா தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் புருஷனோடு பேசவில்லை. சமைத்து மூடி வைப்பாள், தின்றானா என்று பார்க்க மாட்டாள். படுக்கையைத் தனியாகப் போட்டுக்கொண்டாள். கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டவளுக்கு அவன் கரைவது கண்ணில் படவில்லை. அவன் கேட்டதும் இதைத்தான். கேட்டபடியே கிடைத்தது.

வெர்னா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கொட்டகையில் நோவாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். ஒரு தரம், "சொல்லிடறேன்டா" என்றாள். "சொன்னா நீயும் எனக்கு வேணாம்" என்றான். அவள் சூப்பை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

பீட்ரூட் லாரிகள் ஓடத் தொடங்கிய மாதத்தில் கொட்டகையிலேயே விழுந்தான். மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அட்டை கேட்டார்கள். பிறகு பார்த்தார்கள். "வசந்தத்துலயே வந்திருக்கலாமே" என்றார் மருத்துவர். வந்திருக்கலாம். அட்டை கேட்கிற மேசையைத் தாண்டுகிற வழியைத்தான் யாரும் சொல்லவில்லை.

நடைவழி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜோயெட்டா வெர்னாவின் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"எஞ்சினைப் பிரிச்ச அன்னிலேருந்து."

"நான் வந்து கேட்டேனே."

"கேட்டே."

ஜோயெட்டா எழுந்து அறைக்குள் போனாள். அவனோடு பேச வேண்டியது அவளுக்கு நிறைய இருந்தது. அவனுக்குக் கேட்கிற நிலைமை இல்லை. நவம்பர் கடைசியில் வரும் நன்றி கூறும் பண்டிகைக்கு முந்தின வாரம் செத்துப்போனான்.

பெட்டியைத் தூக்கத் தடத்து ஆட்கள் ஆறு பேர் வந்தார்கள். சாவில் பகை பார்க்கிற ஊர் இல்லை அது. முன்பக்கம் ப்ரூயிட். பெரிய ஆள் ஆர்லிஸைத் தூக்கப் போகிறோம் என்று ஆறு பேரும் காலை அகட்டி, மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கினார்கள். பெட்டி வெடுக்கென்று எழுந்து ஒருபக்கம் சாய்ந்தது. ஒரு பெண் அலறினாள். சமாளித்து நேராக்கினார்கள். ப்ரூயிட் கல்லறை வரைக்கும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

தேவாலயத்து அடித்தளத்தில் சாப்பாடு. வெர்னா ஓரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தாள். ப்ரூயிட் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான். தட்டைத் தொடவில்லை.

"என் அப்பனுக்கும் இதே பெட்டிதான் அக்கா. இதோட எடை எனக்குத் தெரியும்."

வெர்னா நிமிர்ந்து பார்த்தாள். அவன் உதடு அசைந்தது. பெட்டியைக் கழித்துக்கொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரியில எவ்வளவு நாள் கெடந்தான்?"

"கொஞ்ச நாள்தான்."

"கொஞ்ச நாள்ல இவ்வளவு போகாதே." மறுபடி உதடு அசைந்தது. "அந்த ஈயம்... நூறுக்கு மேல இருந்ததே."

"ஆமா."

"அது அவன்தானா?"

"ஆமா."

ப்ரூயிட் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஏன்க்கா சொல்லல? நான் அவனை என்னவெல்லாம்... எல்லார் முன்னாடியும்..."

"அப்பிடியே இருக்கட்டும்னு அவன்தான் சொன்னான்."

"இப்பச் சொல்லலாமே. வசந்தத்துல தடம் திறக்கும்போது ஒலிபெருக்கியில சொல்லிடலாம். நானே சொல்றேன். அவன் ஏமாத்தலைன்னு."

வெர்னா அறையின் மறுபக்கம் பார்த்தாள். ஜோயெட்டா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். யாரோ மடியில் வைத்த தட்டு அப்படியே சாய்ந்துகொண்டிருந்தது.

"யாருக்குச் சொல்லப் போறே?" என்றாள்.

ப்ரூயிட் தட்டை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போனான்.

வசந்தத்தில் தடம் திறந்தபோது விதியைத் திருத்தியிருந்தார்கள். ஓட ஆரம்பிக்கும் முன்பே ஈயத்தை எண்ணி முத்திரை போட வேண்டும். பரிசோதகர் எல்லோரையும் கூட்டிவைத்துப் படித்தார். அதற்குள் தடத்தில் அதற்கு ஒரு பெயர் வந்துவிட்டது. ஆர்லிஸ் விதி. புதிதாக வந்த ஒருத்தன் யாரந்த ஆர்லிஸ் என்று கேட்டான். பெரிய ஏமாத்துக்காரன், டிக்கி நிறைய ஈயம் வெச்சு ஓட்டினவன் என்று இன்னொருத்தன் சொன்னான். பக்கத்தில் நின்ற ப்ரூயிட் தலையைக் குனிந்து தன் மஸ்டாங்கை நோக்கி நடந்தான்.

வெர்னா கூண்டில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். சாளரத்தைச் சாத்திக்கொள்ளவில்லை. முதல் கார் ஓடி முடித்து மேடை ஏறியது. உள்ளே தலைக்கவசம் போட்ட யாரோ ஒருத்தன். அளவுகோலைத் தள்ளினாள். எடை சரியாக இருந்தது.

"சரி, போ" என்றாள்.